வாரேன் என்றால் வந்ததாகக் கணக்கு

அன்புச்செல்வி டீச்சரின் இரண்டு கைகளும் முட்டை ஓட்டில் இருந்தன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவித்த முட்டையை முழுசாகக் கொடுத்தால் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். அதனால் சத்துணவு நேரத்தில் அவளே அவர்களை வரிசையாக உட்காரவைத்து உரித்துக் கொடுப்பாள். தரையில் லேசாக ஒரு தட்டு, உள்ளங்கைக்குள் ஓர் உருட்டு, பிறகு குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல ஓடு கழன்று வந்துவிடும். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த போன் அவள் நெஞ்சில் ஆடிக்கொண்டே பேசியது.

“அன்புச்செல்வி ஆசிரியர் அவர்களே, கைகழுவும் வார விழிப்புணர்வுக் கூட்டம் நடைபெற்றதா? ஆம் அல்லது இல்லை என்று கூறவும்.”

“இல்லீங்க.”

“இல்லை எனில் காரணம் கூறவும்.”

“கை முட்டையில இருக்குதுங்க.”

“பதில் பதிவானது. முட்டைகளின் எண்ணிக்கையைக் கூறவும்.”

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பழனியாத்தாள், கரண்டியை மடியில் தட்டிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல் அவளுடையது. “ஏனுங்க டீச்சர், எந்நேரமும் அதுகிட்டப் பேசறீங்களே, அதுக்கும் ஒரு முட்டை உரிச்சு வெக்கட்டுமா?”

“முட்டை கேட்டா பரவால்லீங்க அக்கா. இது என்ற உசிரைக் கேக்குது.”

போனுக்குள் இருந்த அந்தச் செயலிக்கு இலகு என்று பெயர். ஆசிரியர்களின் பணிச்சுமையைக் குறைப்பதற்காக மேலிடத்தில் யாரோ யோசித்து, யாரோ செய்து, சோதனை முறையில் சில பள்ளிகளுக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன் டீச்சர்கள் எல்லாவற்றையும் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வருகையைத் தட்டு, மதிய உணவைத் தட்டு, மரக்கன்றின் உயரத்தைத் தட்டு. விரல் ஓய வேண்டும் என்று யோசித்தவர்களுக்கு, வாய் சும்மாதானே இருக்கிறது என்று தோன்றியிருக்கிறது. டீச்சரின் வாய் சும்மா இருப்பதில்லை என்று அந்தக் கூட்டத்தில் எடுத்துச்சொல்ல ஆள் இல்லை போலும். ஆக, இலகு வந்த பிறகு கை ஓய்ந்தது, பாடம் நின்றது.

அன்புச்செல்வி அந்தியூர்ப் பக்கத்துக்காரி. அப்பனும் ஆத்தாளும் ஊர் ஊராகக் கரும்பு வெட்டப் போனவர்கள். அவள் விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, சத்தியமங்கலத்துக்கு மேலே மலைப்பள்ளி ஒன்றில் முதல் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கக்கூஸ் கிடையாது, புதர் மறைவில் யானை நிற்கும். அதனால் காலையில் பஸ் ஏறினால் திரும்பி இறங்கும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால்கரைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த பிறகு கக்கூஸ் கிடைத்தது, நேரம் கிடைக்கவில்லை. காலைச் சாப்பாடு பஸ்ஸில், மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, அதுவும் நின்றுகொண்டே. இப்படி உடம்பை நடத்தினால் உடம்பும் ஒருநாள் பதிலுக்கு நடத்தும். வலப்பக்க விலாவுக்குக் கீழே ஆரம்பித்து முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறும் வலி வந்தது. வாயுவென்று ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்தாள். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல் இருந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்றார்கள். சின்ன ஆபரேசன்தான், தள்ளிப்போட்டால்தான் பெரிதாகும். அவள் இரண்டு தரம் தள்ளிப்போட்டிருந்தாள். முதல் தரம் தேர்தல் வேலை. இரண்டாம் தரம், ஆசிரியர் பணிச்சுமையைக் குறைப்பது எப்படி என்ற பயிற்சி, அவசியம் வர வேண்டும் என்று உத்தரவு. இப்போது மூன்றாவது தேதி, வரும் வியாழக்கிழமை. இதையும் விட்டால் கல் குழாயில் இறங்கி மஞ்சள்காமாலை கண்டுவிடும் என்று டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியதெல்லாம் கொஞ்ச நாள் லீவு. இலகு அதைக் கொடுக்க மறுத்தது. கேட்டபோதெல்லாம், “தாங்கள் பணியில் உள்ளீர்கள்” என்றது.

செவ்வாய்க்கிழமை அவள் வட்டார அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டரில் இருந்தவன் சசிதர். நல்ல பையன், பொறுமைசாலி. திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

“மேடம், நீங்க இஸ்கூல்ல இருக்கீங்க.”

“நான் உங்க முன்னால நிக்கிறனுங்க.”

“நிக்கிறீங்க, இல்லேங்கலீங்க. ஆனா இஸ்கூல்லயும் இருக்கீங்க. பொங்கல் லீவு முடிஞ்சு தொறந்ததுல இருந்து நீங்க வெளியவே வரலைங்க.”

“வராம எப்படீங்க? தெனமும் ஊட்டுக்குப் போயிச் சோறாக்கறது யாரு?”

“அது தெரியாதுங்க மேடம். ரெக்கார்டுல ஒருநாள்கூட நீங்க போகலை. தெனமும் ரெண்டு தடவை வந்திருக்கீங்க. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா.” அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சாயங்காலம் கெளம்பறப்ப என்னன்னு சொல்றீங்க?” என்று கேட்டான்.

“என்னன்னு சொல்லுவாங்க? வாரேனுங்கன்னு சொல்லுவேன்.”

கழுத்திலிருந்த போன் உடனே, “வருக, அன்புச்செல்வி ஆசிரியர் அவர்களே. தங்கள் வருகை பதிவானது” என்றது.

சசிதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். விஷயம் இதுதான். முதலில் செய்து கொடுத்த இலகுவுக்கு ‘வந்தேன்’ என்றால் மட்டும்தான் புரிந்தது. கொங்குப் பக்கத்துப் பேச்சும் புரிய வேண்டும் என்று இங்கிருந்தே எழுதிக் கேட்டதால், வந்தேன், வந்தனுங்க, வரேன், வாரேன், வாரேனுங்க எல்லாவற்றையும் வருகைக்குச் சேர்த்துவிட்டார்கள். போவதற்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் அதற்கு ஒரே வார்த்தை: போறேன். ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டைவிட்டோ கடையைவிட்டோ கிளம்புகிறவர் போறேன் என்பாரா? போகிறவர் சொல்வதும் வாரேன்தான்.

“மத்த டீச்சருங்கெல்லாம் என்ன பண்றாங்க?”

“அவங்க ஒரு வாரத்துலயே கண்டுபுடிச்சுட்டாங்க மேடம். கேட்டுல நின்னு போறேன்னு சொல்லிப்போட்டு, தோசம் கழிய மூணு தடவை துப்பிட்டுப் போயிக்கறாங்க. நீங்க மட்டுந்தான் வந்துட்டே இருக்கீங்க.”

இன்னொன்றும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வேலையைச் சமமாகப் பங்கிடுவதற்காக, போய்விட்டவர்களின் மிச்ச வேலையை, இன்னும் பணியில் இருப்பவர்களுக்கு இலகு அனுப்பிவிடும். சாயங்காலமானால் அந்த வட்டாரத்தில் பணியில் இருப்பது அவள் ஒருத்திதான். தோசை ஊற்றும்போது கண்காணாத ஒரு பள்ளியின் குழாய் ஒழுகுகிறதா என்று போன் கேட்டதும், தலை பின்னும்போது இன்னொரு பள்ளியின் வேப்பமரம் எவ்வளவு உயரம் என்று கேட்டதும் இதனால்தான். அவளும் அத்தனைக்கும் மரியாதையாகப் பதில் சொல்லியிருந்தாள்.

“உங்க பேரை ஓயாத ஆசிரியர்னு மேல அனுப்பியிருக்கோம் மேடம்,” என்றான் சசிதர், ஆறுதலாக. “லீவுக்கு ஒண்ணுதான் வழி. போறேன்னு சொல்லிருங்க, பதிவாயிருச்சுன்னா லீவும் தானா ஓக்கே ஆயிரும். உங்க கொரல்ல, இஸ்கூலுக்குள்ள நின்னு சொல்லோணும். வர்றதை எங்கிருந்து வேணாலும் சொல்லலாம், போறது இஸ்கூல்ல இருந்துதான். லீவுல இருக்கறப்ப வாரேன்னு சொல்லிராதீங்க, கேன்சலாயிரும்.”

சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் பள்ளிக்குத் திரும்பி, கேட்டுக்கு உட்புறம் நின்று வாயைத் திறந்தாள். “போயிட்டு வாரேன்” என்று வந்தது. “வருக” என்றது போன். மறுபடி மூச்சைப் பிடித்து, “கெளம்பறேன்” என்றாள். “எங்கே கிளம்புகிறீர்கள்? களப்பணியா, பயிற்சியா?” என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, “போறேனுங்க” என்றாள். அது ‘போறாங்க’ என்று கேட்டுக்கொண்டு, “போகின்ற மாணவர்களின் எண்ணிக்கையைக் கூறவும்” என்றது. ஆக, ‘ங்க’வையும் விட்டுவிட்டு மொட்டையாகச் சொல்ல வேண்டும். கெட்ட வார்த்தையை, மரியாதை இல்லாமல், முகம் தெரியாத ஒன்றிடம். அன்புச்செல்விக்கு வரவில்லை.

இது நம்பிக்கை சம்பந்தப்பட்டது என்று சொல்ல முடியாது. கிரகணத்தன்று பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்துக் கடலை மிட்டாய் தின்னவைத்தவள் அவள். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுவிட்டு நடப்பவள். இது நாக்கின் பழக்கம். ஐம்பது வயதுக்கு மேல் இடது கையால் எழுதச் சொன்னால் கை என்ன செய்யும்? அதோடு, வியாழக்கிழமை வயிற்றில் துளை போடப்போகிற நேரத்தில் நாக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அடம்பிடித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நேராக ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும். பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்காரன் மாரப்பன் பால் வண்டியோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். தனியார் பால் பண்ணைக்கு வண்டி ஓட்டுபவன். பின்னால் காலி கேன்கள், முன்சீட்டில் ஒரு பை, அதில் நைட்டி, பிளாஸ்க், ஸ்கேன் படம்.

கேட்டுக்கு உள்ளே அன்புச்செல்வி. அவளை மறித்துக்கொண்டு பழனியாத்தாள்.

“கத்தி வெக்கப் போறவங்க கேட்டுல நின்னு அந்த வார்த்தையச் சொல்றதா? நான் இங்க சோறாக்கற வரைக்கும் அது நடக்காதுங்க. அந்த ஆப்பு நாசமாப் போக. அது யாருன்னு நெனச்சு நீங்க அதுக்கு பயப்படறீங்க?”

“சொல்லாட்டி லீவு இல்லீங்க அக்கா. லீவு இல்லாமப் படுத்துக்கிட்டா, ஓடிப்போயிட்டாள்னு எழுதுவாங்க.”

“சொன்னாலும் வர மாட்டேங்குதில்லீங்க. சாமிதான் தடுக்குது.”

தலைமையாசிரியர் சுந்தரராஜுலு மெல்ல நடந்து வந்தார். இலகு வந்த பிறகு அந்தப் பள்ளியில் மட்டுமல்ல, அநேகமாக அந்த மாவட்டத்திலேயே உண்மையாகப் பணிச்சுமை குறைந்த ஒரே ஆள் அவர்தான். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே எதற்கெடுத்தாலும், “இந்த வேலையே வேண்டாம், நான் போறேன்” என்று சலித்துக்கொள்வது அவர் வழக்கம். போனதே இல்லை. இப்போது அப்படிச் சலித்துக்கொண்ட அந்த நிமிடமே, “நன்றி, தங்கள் பணி நிறைவுற்றது” என்று இலகு அவரை விடுவித்துவிடும். பெரும்பாலும் காலைப் பிரார்த்தனை முடிவதற்குள்ளேயே. அவருடைய வேலையில் மிஞ்சியதெல்லாம் சாயங்காலம் அன்புச்செல்விக்கு வந்து சேரும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

“டீச்சரம்மா, நான் ஒண்ணு சொல்றேன். அந்த வார்த்தை சும்மாச் சொன்னா வராது. கோவம் வரோணும். எனக்கு அது தானா வருது. உங்களுக்கு யாராச்சும் வரவெக்கோணும்.”

அது சரிதான். பிறந்த வீட்டுக்குப் பெட்டியைத் தூக்குகிற பெண்டாட்டியும், பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் இலையைவிட்டு எழுந்திரிக்கிற சித்தப்பாவும் போறேன் என்றுதான் சொல்வார்கள். அப்போது ‘ங்க’வும் இருக்காது. அன்புச்செல்வி சம்மதித்தாள். “சரி, திட்டுங்க சார்.”

சுந்தரராஜுலு தொண்டையைச் செருமினார். “டீச்சரம்மா, உங்களுக்குப் பாடமே நடத்தத் தெரியாதுங்க.”

“தெரியாதுதானுங்க சார். நடத்தி எத்தனை நாளாச்சு.”

“அதுவும் வாஸ்தவம்,” என்று அவர் விலகிக்கொண்டார்.

அடுத்து, மனசில்லாத பழனியாத்தாளைத் திட்டச்சொல்லி முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “ஏனுங்க டீச்சர், உங்களுக்குக் கொஞ்சமாச்சும் மூளை இருக்குதுங்களா? நீங்கெல்லாம் ஒரு பொம்பளைங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க.”

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் விலாவில் சுருக்கென்றது. பித்தப்பை வலிக்காரர்கள் சிரிக்கவே கூடாது. கையை இடுப்பில் ஊன்றி, குனிந்து, வேர்வையைத் துடைத்தாள். போன் அந்த நேரம் பார்த்து, ஏதோ ஒரு பள்ளியின் கரும்பலகை என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்டது.

மாரப்பன் வண்டியைவிட்டு இறங்கி வந்தான். நல்ல மனுசன். அவன் யாரையும் திட்ட வரவில்லை. அவளுக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தான்.

“வராட்டி உட்ரு அம்மணி. எதுக்கு மல்லுக்கட்டற? இன்னொரு தேதி வாங்கிக்கலாம். உனக்குத்தான் கல்லு பழகிப்போச்சில்ல.”

அன்புச்செல்வி நிமிர்ந்தாள்.

“என்ன பழகிப்போச்சு?”

“இல்ல அம்மணி, இத்தனை நாள் தாங்கினவ…”

“தாங்கினனா? சொவத்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறவ நானு. குறட்டை உட்டுட்டு அக்கட்டால திரும்பிப் படுக்கறது நீங்க. ஒரு எலக்சனுக்குத் தாங்கினேன், ஒரு ட்ரெய்னிங்குக்குத் தாங்கினேன், இப்ப இந்தப் போனுக்குத் தாங்கோணுமா? கல்லு என்ன நீங்க வளக்கற கன்னுக்குட்டியா, பழகிப்போறதுக்கு? நீங்க உங்க கேனைக் கட்டிட்டு இங்கயே கெடங்க. நான் போறேன்.”

எல்லாரும் அவள் கழுத்தில் தொங்கிய போனைப் பார்த்தார்கள்.

“நன்றி, அன்புச்செல்வி ஆசிரியர் அவர்களே,” என்றது போன். “தங்கள் பணி நிறைவுற்றது. தங்கள் விடுப்பு ஏற்கப்பட்டது. நலமாக ஓய்வெடுங்கள்.”

சுந்தரராஜுலு பரீட்சை முடிவு கேட்ட தகப்பனைப்போலக் கண்ணை மூடிக்கொண்டார். அன்புச்செல்வியின் கோபம் வந்த வேகத்தில் இறங்கியது. இறங்கியதும் அவள் செய்யப் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். பழனியாத்தாள் பக்கம் திரும்பி, வழக்கம்போல உதட்டைப் பிரித்தாள்.

பழனியாத்தாளின் கை வந்து வாயைப் பொத்தியது. பெருங்காயமும் சாம்பலும் மணக்கிற கை, நல்ல பலமான கை.

“தொறக்காதீங்க. ஒரு வார்த்தை பேசாதீங்க. அப்படியே வண்டியில ஏறுங்க.”

வாயைப் பொத்தியபடியே நடத்திக்கொண்டு போய் முன்சீட்டில் ஏற்றி, கதவைச் சாத்தினாள். வண்டி கிளம்பியதும் ரோட்டுக்கு வந்து, டீச்சருக்காக மூன்று முறை துப்பினாள். நான்காவது தடவை இலகுவுக்காகத் துப்பியிருக்கலாம், கண்ணாடியில் அப்படித்தான் தெரிந்தது.

அன்புச்செல்வி கோயமுத்தூர்வரை வாயைத் திறக்கவில்லை. தப்பித்தவறி எந்த வார்த்தை எப்படி விழுமோ என்கிற ஜாக்கிரதைதான். மாரப்பன் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டான். அவிநாசி தாண்டும்வரை விடாமல் மன்னிப்புக் கேட்டான். குறட்டைக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னான். இனிமேல் காலைத் தோசையை அவனே ஊற்றுவதாகச் சொன்னான். அவள் திருத்தவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். தோசை விஷயத்தில் அவன் சட்னியையும் சேர்த்துக்கொள்கிறானா என்று பார்த்தாள். கருமத்தம்பட்டியில் சேர்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நர்ஸ் வந்து வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். வெறும் வயிற்றோடுதானே இருக்கிறீர்கள் என்று இரண்டு தரம் கேட்டாள். பச்சைத் துணி மாட்டி, தலைக்கு ஒரு குல்லாய் போட்டு, சக்கரக் கட்டிலில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஆபரேசன் தியேட்டர் கதவுக்கு முன்னால் அன்புச்செல்வி கையைத் தூக்கினாள்.

“சித்தெ நில்லுங்க. ஏனுங்க, போன் எங்க?”

“என்ற சோப்புல இருக்குது,” என்றான் மாரப்பன், சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி.

“கீழ கொண்டுபோயி வண்டியில வெச்சுப் பூட்டிட்டு வாங்க.”

“இப்பவா?”

அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் படியில் ஓடினான். நர்ஸ், டாக்டர் உள்ளே காத்திருக்கிறார் என்றாள். அன்புச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். மாரப்பன் கீழே போய், போனைச் சாக்கில் சுற்றி, ஒரு காலி கேனுக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடி, வண்டியையும் பூட்டிவிட்டு மூச்சுவாங்க ஏறி வந்தான். சாவியைத் தூக்கிக் காட்டினான்.

“வாரேனுங்க,” என்றாள் அவனிடம்.

“வா அம்மணி.”

நர்ஸ் கட்டிலைத் தள்ளத் தொடங்கினாள். அன்புச்செல்வி மறுபடியும் கையைத் தூக்கினாள்.

“வாரேனுங்க,” என்றாள், இந்தத் தரம் கோபிசெட்டிபாளையம் இருக்கிற திசையை உத்தேசமாகப் பார்த்து.

“ஒருக்காச் சொன்னாப் போதுங்கம்மா.”

“இது நேத்து ஒரு அக்காகிட்டச் சொல்லாம வந்ததுங்க,” என்றாள் அன்புச்செல்வி. “இப்பத் தள்ளுங்க.”